உணவக அடுப்படியில் எரிபொருள் சிக்கனம்

உணவகத்தின் செலவுக் கணக்கில் சரக்கு, கூலி, வாடகை ஆகிய மூன்றுக்கும் அடுத்து நிற்பவை எரிவாயுவும் மின்சாரமும். முதல் மூன்றும் முதலாளியின் கைக்கு எளிதில் அடங்குவதில்லை. அரிசி, பருப்பின் விலையைச் சந்தை முடிவு செய்கிறது. கூலியைக் குறைத்தால் மாஸ்டர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். வாடகை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டுவிட்டது. ருசியும் அளவும் மாறாமல் குறைக்கக்கூடிய செலவு எரிபொருள்தான். ஆனாலும் பெரும்பாலான கடைகளில் அது பேரம் பேச முடியாத செலவாகவே எழுதப்படுகிறது. சிலிண்டர் விலை ஏறினால் தோசை விலையும் ஏறுகிறது. அடுப்பை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

சமையலறை ஆற்றலை எவ்வளவு விழுங்குகிறது என்பதற்கு அமெரிக்காவின் எனர்ஜி ஸ்டார் திட்டம் ஓர் அளவு சொல்கிறது: மற்ற வணிகக் கட்டடங்கள் ஒரு சதுர அடிக்குச் செலவிடும் ஆற்றலைப்போல 5 முதல் 7 மடங்கை உணவகங்கள் செலவிடுகின்றன. அங்கே ஃப்ரையர், அவன், பாத்திரம் கழுவும் எந்திரம் என்று கருவிகள் நிறைந்திருக்கும். தமிழ்நாட்டு உணவகத்தின் நிலை வேறு. இங்கே தோசைக்கல், இட்லிக் கொப்பரை, சாத அண்டா, பால் பாத்திரம் என்று தீயின் மேல் நேரடியாக நிற்பவையே அதிகம். ஆகவே சேமிப்புக்கான இடத்தையும் முதலில் தீயருகேதான் தேட வேண்டும்.

ஒரு சிலிண்டரின் கணக்கு

வணிகப் பயன்பாட்டுக்கான சிலிண்டரில் 19 கிலோ எரிவாயு இருக்கிறது. ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் கிடைக்கும் வெப்பம் 12.8 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். முழுச் சிலிண்டருக்கு ஏறக்குறைய 240 யூனிட். வீட்டுச் சிலிண்டருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், வணிகச் சிலிண்டருக்கு 18 சதவீதம். இந்தியா தன் சமையல் எரிவாயுத் தேவையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை இறக்குமதி செய்வதால் உலகச் சந்தையின் ஏற்ற இறக்கம் நேராக அடுப்படிக்கு வந்துவிடுகிறது. வணிகச் சிலிண்டரின் விலை மாதந்தோறும் முதல் தேதியில் திருத்தப்படுவதும் இதனால்தான்.

சிலிண்டர் விலை 1,900 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதன் 240 யூனிட் வெப்பமும் பாத்திரத்துக்குள் போவதில்லை. தீயில் பாதி பாத்திரத்தின் பக்கவாட்டில் ஏறி, கூரையைச் சூடாக்கிவிட்டு வெளியேறுகிறது. அடுப்பின் வெப்பத் திறன் 40 சதவீதமாக இருந்தால் பாத்திரத்துக்குச் சேர்வது 96 யூனிட். அதாவது பயன்பட்ட வெப்பம் யூனிட்டுக்கு 20 ரூபாய் அடக்கமாகிறது. திறன் 55 சதவீதமானால் அடக்கம் 14 ரூபாய் 40 காசு. இடையில் உள்ள அந்த ஐந்தரை ரூபாயைப் பெற அரிசியிலோ எண்ணெயிலோ கைவைக்க வேண்டியதில்லை.

இந்தியத் தரநிர்ணய அமைவனம் வீட்டு எரிவாயு அடுப்புக்கு விதித்திருக்கும் குறைந்தபட்ச வெப்பத் திறன் 68 சதவீதம். அது ஆய்வகத்தில், குறித்த அளவுப் பாத்திரம் வைத்து, காற்றோட்டம் தடுத்து அளக்கப்படுவது. எனர்ஜி ஸ்டார் திட்டம் நடைமுறையில் எரிவாயு அடுப்புக்குத் தரும் மதிப்பு 32 சதவீதம்தான். உயர் அழுத்த பர்னர் இரைந்து எரியும் உணவக அடுப்படியில் இந்த இரண்டாவது எண்ணுக்கே உண்மை நெருக்கமாக இருக்கும்.

தீயும் பாத்திரமும்

பர்னரின் தீ பாத்திரத்தின் அடிப்பரப்புக்குள் அடங்கி எரிய வேண்டும். விளிம்பைத் தாண்டிச் சுழன்று ஏறும் தீ காற்றைத்தான் சூடாக்குகிறது. பெரிய அண்டாவுக்கென வாங்கிய பர்னரில் சின்னக் குண்டானை வைத்துச் சட்னி தாளிப்பது அன்றாடக் காட்சி. அளவு வேறுபட்ட இரண்டு மூன்று பர்னர்களை வைத்து, பாத்திரத்துக்கேற்ற பர்னரில் ஏற்றுவதற்குக் கூடுதல் செலவு மிகக் குறைவு.

தீயின் நிறம் அடுத்த அடையாளம். நீலமாக எரிந்தால் எரிவாயுவும் காற்றும் சரியாகக் கலந்திருக்கின்றன. மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடியில் கரி படிந்தால், துளைகள் அடைபட்டிருக்கின்றன, அல்லது காற்று போதவில்லை. படிந்த கரி வெப்பத்தைத் தடுக்கும் போர்வையாகிறது. பொங்கி வழிந்த பாலும் சாம்பாரும் பர்னர் துளைகளில் இறுகிப் போவதே இதற்கு முதல் காரணம். வாரம் ஒருமுறை பர்னரைக் கழற்றிக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் தீரும். வியர்வைக்காக வைத்த நின்றாடும் மின்விசிறி தீயைச் சாய்த்து விடுவதும் உண்டு. மாஸ்டருக்குக் காற்று வேண்டும்; ஆனால் அது தீயின் மேல் விழாதபடி திசைதிருப்ப வேண்டும், அல்லது அடுப்பைச் சுற்றித் தகட்டுத் தடுப்பு வைக்க வேண்டும்.

பர்னர் தொழில்நுட்பத்திலும் முன்னேற்றம் உண்டு. குவாஹாட்டி ஐ.ஐ.டி. உருவாக்கிய நுண்துளைக் கதிர்வீச்சு பர்னரில் எரிவாயு, துளைகள் நிறைந்த பீங்கான் போன்ற பொருளுக்குள்ளேயே எரிகிறது. அந்தப் பொருள் செந்நிறமாகத் தகித்து, வெப்பத்தைக் கதிர்வீச்சாகப் பாத்திரத்துக்கு அனுப்புகிறது. புகைபோக்கியை நோக்கி ஓடும் சூடான வாயுவின் பங்கு இதனால் குறைகிறது.

பர்னரை வாங்கும்போது விலையைப் பார்ப்பதைவிட, அது குடிக்கும் எரிவாயுவைப் பார்ப்பதே சரி. மணிக்கு ஒரு கிலோ எரிக்கும் பர்னர் நாளுக்கு 8 மணி நேரம் எரிந்தால், மேலே சொன்ன விலையில் நாளொன்றுக்கு 800 ரூபாய். சில ஆயிரம் ரூபாய் பர்னரின் விலையை ஒரு வார எரிபொருள் தாண்டிவிடும். ஐந்நூறு ரூபாய் குறைவு என்று திறன் குறைந்த பர்னரை வாங்குவது, அந்த ஐந்நூறைச் சில நாளில் பறிகொடுத்துவிட்டு ஆண்டு முழுதும் கடனாளியாவதுதான்.

கொதிநிலைக்குப் பிறகு

தண்ணீர் கொதித்த பிறகு எவ்வளவு பெரிய தீ வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டாது. பருப்பும் அரிசியும் விரைவாக வேகாது. கூடுதல் தீ செய்வதெல்லாம் தண்ணீரை ஆவியாக்குவதுதான். அந்த ஆவிக்குக் கொடுக்கும் விலை பெரிது: ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போனால், 30 டிகிரியில் உள்ள ஏழரை லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம் அதனுடன் போகிறது. மூடியில்லாமல் தளதளவென்று கொதிக்கும் சாம்பார் அண்டா பார்வைக்கு வேலை நடப்பதுபோல் இருக்கும். உண்மையில் அங்கே பணம் ஆவியாகிறது. மூடி போடுவதும், கொதி வந்தவுடன் தீயைச் சிம்முக்குக் கொண்டுவருவதும் ஒரு காசு முதலீடு இல்லாத சேமிப்புகள். பருப்பை ஊறவைத்துப் பெரிய குக்கரில் வேகவைப்பது இன்னும் ஒரு படி மேல். அழுத்தத்தில் வெப்பநிலை 120 டிகிரி வரை உயர்வதால் வேகும் நேரம் பாதிக்கும் கீழே இறங்குகிறது.

சாதம் தனியாகப் பேச வேண்டிய பொருள். தமிழ்நாட்டு உணவகங்களில் சாதத்தை வடிப்பது வழக்கம். 25 கிலோ அரிசிக்கு நான்கைந்து மடங்கு தண்ணீர், அதாவது 100 லிட்டருக்கு மேல், கொதிக்க வைக்கப்படுகிறது. வெந்தபின் ஏறக்குறைய 50 லிட்டர் கஞ்சி கொதிக்கக் கொதிக்க வடிக்கப்படுகிறது. அந்த 50 லிட்டரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவரப் பாத்திரத்துக்குள் போன வெப்பம் 4 யூனிட். அடுப்பின் திறன் 40 சதவீதமானால், அதற்கு எரிந்தது 800 கிராம் எரிவாயு. மூட்டை ஒன்றுக்கு 80 ரூபாய் கஞ்சியோடு வடிகிறது. தண்ணீரை அளந்து வைத்து நீராவியில் வேகவைத்தால் இந்த இழப்பு இல்லை. என்றாலும் எல்லாக் கடைக்கும் இதை விதியாக்க முடியாது. வடித்த சாதத்தின் உதிரிப் பதத்துக்காகவே வரும் வாடிக்கையாளரை எரிபொருளுக்காக இழப்பது நல்ல கணக்கல்ல. தக்காளி சாதம், பிரிஞ்சி, விடுதி உணவு, பெரிய கேன்டீன் போன்றவற்றில் நீராவி முறைக்கு மாறுவதில் தயங்க ஒன்றுமில்லை.

உலைத் தண்ணீரை முன்கூட்டிச் சூடாக்குவது எல்லாக் கடைக்கும் பொருந்தும். மொட்டைமாடியில் வைத்த சூரிய வெந்நீர்க் கலத்திலிருந்து 60 டிகிரி தண்ணீர் கிடைத்தால், கொதிநிலைக்கு ஏற வேண்டியது 70 டிகிரிக்குப் பதில் 40 டிகிரிதான். 100 லிட்டர் உலைக்கு ஏறக்குறைய 700 கிராம் எரிவாயு மிச்சம். வெயிலுக்குப் பஞ்சமில்லாத மாநிலத்தில் இந்தக் கருவி குளியலறையோடு நின்றுவிட்டது வருந்தத்தக்கது. சமையலுக்குப் பயன்படுத்தும்போது மட்டும் கலமும் குழாயும் உணவுக்கு ஏற்ற பொருளாலானவையா, நீர் நல்ல நீரா என்று பார்க்க வேண்டும்.

நீராவி, தோசைக்கல், சிலிண்டர்

நாளுக்கு நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சமைக்கும் இடங்களில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித் தீ வைப்பதைவிட, ஒரே கொதிகலனில் நீராவி உண்டாக்கிக் குழாய் வழியாக அனுப்புவது சிக்கனம். நல்ல கொதிகலனின் திறன் 80 சதவீதத்தை எட்டும். அந்தச் சிக்கனத்தைக் கெடுப்பவை மூன்று: காப்புறை சுற்றாத குழாய், கசியும் வால்வு, சாக்கடையில் விடப்படும் சூடான வடிநீர். வடிநீரைத் திரும்பக் கொதிகலனுக்கே அனுப்பினால் எரிபொருளோடு தண்ணீரும் மிஞ்சும். இட்லிக்கும் இதே நியாயம். இட்லிப் பெட்டியின் கதவு ரப்பர் தேய்ந்து ஆவி கசிந்தால், ஓர் ஈடு வேகும் நேரம் நீளும். ரப்பரை மாற்றும் செலவு சில நாளில் திரும்பிவிடும்.

தோசைக்கல்லின் சிக்கல் வேறு. அது கனமான இரும்பு. சூடேற நேரமெடுக்கும், ஆனால் சூட்டைத் தாங்கி வைக்கும். காலை டிபன் முடிந்து மாலை டிபன் தொடங்கும் வரை, எப்போதாவது வரும் ஒரு தோசைக்காக முழுக் கல்லும் காய்ந்துகொண்டிருப்பதுதான் இழப்பு. கல்லின் அடியில் தனித்தனி வால்வுள்ள இரண்டு மூன்று பர்னர்கள் இருந்தால், கூட்டமில்லாத நேரத்தில் ஒரு பகுதியை மட்டும் சூடாக வைக்கலாம். கல்லின் பக்கங்களில் தீ வெளியேறாதபடி காப்புச் செங்கலோ தகடோ அடைப்பதும் பலன் தரும். பரோட்டாக் கல்லுக்கும் இது பொருந்தும். டீக்கடை பாய்லரில் நாள் முழுதும் வெந்நீர் நிற்பதால், அதற்கு இரட்டைச் சுவரும் காப்புறையும் அமைவது நல்லது.

சிலிண்டருக்குள்ளேயே நடக்கும் இழப்பைப் பலர் அறிவதில்லை. திரவமாக உள்ள எரிவாயு ஆவியாக மாறச் சுற்றுப்புறத்திலிருந்து வெப்பம் வேண்டும். ஒரே சிலிண்டரிலிருந்து பெரிய பர்னர்கள் வேகமாக இழுத்தால் சிலிண்டர் குளிர்ந்து வெளியே பனி பூக்கும். அழுத்தம் இறங்கித் தீ மங்கும். தீர்ந்துவிட்டது என்று கழற்றி அனுப்பும் சிலிண்டரில் எரிவாயு மீதம் இருக்கும். அதற்கும் பணம் கட்டியாகிவிட்டது. பல சிலிண்டர்களை ஒரே குழாயில் இணைக்கும் மேனிஃபோல்டு அமைத்தால் ஒவ்வொன்றிலிருந்தும் இழுப்பு குறைந்து இந்த மீதம் தவிர்க்கப்படும். இன்னும் பெரிய சமையலறைகளுக்குத் திரவமாகவே எடுத்து, வேப்பரைசரில் ஆவியாக்கும் முறை உண்டு. பனி பூத்த சிலிண்டரை வெந்நீரில் வைப்பதும் படுக்கவைத்து எரிப்பதும் உயிருக்கு ஆபத்து. எந்தச் சேமிப்பும் அதற்கு ஈடாகாது.

மின்சாரத்துக்கு மாறுவது

இண்டக்ஷன் எனப்படும் தூண்டல் அடுப்பில் பாத்திரமே சூடாகிறது. இடையில் தீ இல்லை. அதன் திறன் 85 சதவீதம் வரை செல்லும். வணிக மின்சாரம் யூனிட் 10 ரூபாய் என்று கொண்டால், பயன்பட்ட வெப்பம் யூனிட்டுக்கு 11 ரூபாய் 80 காசு. 40 சதவீத அடுப்பின் 20 ரூபாயோடு ஒப்பிட்டால் வேறுபாடு பெரிது. எரிவாயு அடுப்பு 67 சதவீதத் திறனை எட்டினால்தான் இந்த விலைகளில் இரண்டும் சமமாகும்.

ஆனால் கணக்கு இதோடு முடியவில்லை. வணிக இணைப்பில் அனுமதிக்கப்பட்ட பளுவின் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் நிலைக்கட்டணம் உண்டு. 5 கிலோவாட் அடுப்புகள் நான்கு வைத்தால் பளு 20 கிலோவாட் ஏறும். மும்முனை இணைப்பு, கனமான கேபிள், பூமித்தொடர்பு எல்லாம் வேண்டும். அலுமினிய அண்டா, செம்புப் பாத்திரம், அடி வளைந்த வாணலி ஆகியவை சாதாரணத் தூண்டல் அடுப்பில் வேலை செய்யாது. காந்தம் ஒட்டும் தட்டை அடிப் பாத்திரங்களை மொத்தமாக வாங்க வேண்டும். மின்வெட்டில் ஜெனரேட்டரில் ஓட்டினால் டீசல் செலவு எல்லாச் சேமிப்பையும் தின்றுவிடும்.

ஆகவே ஒரே நாளில் எல்லா அடுப்பையும் மாற்றுவது தவறு. பால் காய்ச்சுவது, சாம்பார் கொதிக்க வைப்பது, பருப்பு வேகவைப்பது, குழம்பைச் சூடாக வைத்திருப்பது என நீண்ட நேரம் ஒரே சீராக நடக்கும் வேலைகளுக்குத் தூண்டல் அடுப்பு மிகப் பொருத்தம். தாளிப்பும் எண்ணெய்ச் சட்டியும் தீயிலேயே இருக்கலாம். பணக் கணக்குக்கு வெளியே ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தீயிலிருந்து தப்பிய வெப்பமெல்லாம் மாஸ்டரின் முகத்திலும் மார்பிலும் படிகிறது. சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் பத்து மணி நேரம் நிற்கும் மனிதருக்கு, திறன் மிகுந்த அடுப்பு உடல்நலப் பாதுகாப்பும் ஆகும்.

குளிரும் காற்றும்

குளிர்ப்பெட்டி ஆண்டின் 8,760 மணி நேரமும் இணைப்பில் இருக்கும் கருவி. அதைத் தோசைக்கல்லுக்கு அருகில், சுவரோடு ஒட்டி வைப்பது பரவலான தவறு. பின்புறச் சுருளில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி படிந்தால் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும்; மாதம் ஒருமுறை துடைத்தால் போதும். கதவு ரப்பரைச் சோதிக்க, ஒரு தாளை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுக்க வேண்டும். தாள் தடையின்றி வந்தால் குளிரும் அவ்வழியே வெளியேறுகிறது. சூடான சாம்பாரை ஆழமான பாத்திரத்தோடு உள்ளே வைக்கக் கூடாது. நெடுநேரம் வெளியில் விடவும் கூடாது, 5 முதல் 60 டிகிரி வரையில் கிருமிகள் பெருகும். அகலத் தட்டுகளில் ஊற்றி விரைவாக ஆறவைத்து உள்ளே வைப்பதே இரண்டுக்கும் வழி. புதிதாக வாங்குவோர், ஆற்றல் திறன் செயலகம் 2006-இல் தொடங்கிய நட்சத்திர முத்திரையைப் பார்த்து வாங்கலாம். டீப் ஃப்ரீசருக்கும் இப்போது அந்த முத்திரை உண்டு.

புகையை இழுக்கும் எக்ஸாஸ்ட் மின்விசிறியின் இயல்பு வியப்பானது. வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் மின்செலவு ஏறக்குறைய பாதியாகிவிடும், ஏனெனில் மின்தேவை வேகத்தின் முப்படியாக மாறுகிறது. 2 குதிரைத்திறன் மோட்டாரைக் கூட்டமில்லாத 7 மணி நேரம் 80 சதவீத வேகத்தில் ஓட்டினால் நாளுக்கு 5 யூனிட் மிச்சம். வி.எஃப்.டி. எனப்படும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இதைச் செய்கிறது. குளிரூட்டப்பட்ட சாப்பாட்டு அறை உள்ள உணவகத்தில் இதன் பலன் இரட்டிப்பு. சமையலறைக்கு வெளிக்காற்று வரத் தனி வழி இல்லையென்றால், எக்ஸாஸ்ட் சாப்பாட்டு அறையின் குளிர்ந்த காற்றைத்தான் இழுத்து வெளியே தள்ளும். ஏ.சி.க்குக் கட்டும் பணம் புகையோடு போகும்.

75 வாட் கூரை மின்விசிறிக்குப் பதில் 30 வாட் பி.எல்.டி.சி. விசிறி, குழல்விளக்குக்குப் பதில் எல்.இ.டி. ஆகியவை இப்போது எல்லாரும் அறிந்தவை. கிரைண்டர் நாளில் சில மணி நேரமே ஓடுவதால் அதில் கிடைக்கும் சேமிப்பு சிறிது. பெல்ட் தளராமல் இருப்பதும் முழு அளவு போட்டு அரைப்பதும் போதும்.

வெயிலும் மிச்ச உணவும்

சூரிய நீராவிக்கு இந்தியாவில் பெரிய முன்மாதிரிகள் இருக்கின்றன. திருமலையில் தேவஸ்தானச் சமையற்கூடத்தின் மேல் 2002-இல் 106 குழிவுக் கண்ணாடித் தட்டுகள் நிறுவப்பட்டன. நாளுக்கு 4 டன் நீராவி, ஏறக்குறைய 15,000 பேருக்கான உணவு என்பது அதன் வடிவமைப்பு. ஷீரடியில் 73 தட்டுகள். ஆரோவில்லின் சோலார் கிச்சன் கூரையில் 15 மீட்டர் விட்டமுள்ள நிலைத்த கண்ணாடிக் கிண்ணம் வெயிலைக் குவித்து நீராவி தருகிறது. மேகம் மூடிய நாளுக்கு இவை அனைத்துக்கும் எரிபொருள் கொதிகலன் துணை தேவை. இடமும் பராமரிப்பு ஆளும் உள்ள கோயில், கல்லூரி விடுதி, மருத்துவமனை போன்றவற்றுக்கே இந்த முறை தகும். நெருக்கமான கடைத்தெருவில் கூரை மின்தகடுகளும் வெந்நீர்க் கலமும்தான் சாத்தியம்.

மிச்ச உணவிலிருந்தும் சாண எரிவாயு எடுக்கலாம். அதன் ஒரு கன மீட்டர் 430 கிராமுக்குச் சற்றுக் கூடுதலான சமையல் எரிவாயுவுக்கு ஈடு. காய்கறிக் கழிவும் எச்சில் இலையில் மிஞ்சும் உணவும் நாளுக்கு நூறு கிலோ சேரும் இடத்தில் கலன் அமைத்தால் ஏறக்குறைய 4 கிலோ சமையல் எரிவாயுவுக்கு ஈடான வாயு கிடைக்கும். குப்பை அகற்றும் செலவும் குறையும். கலனை நாள்தோறும் கவனிக்க ஒருவர் இல்லையென்றால் அது சில மாதங்களில் நாற்றத் தொட்டியாகிவிடும்.

எதை முதலில் செய்வது

நாளுக்கு இரண்டு சிலிண்டர் எரிக்கும் உணவகம் 3,800 ரூபாய் செலவிடுகிறது. மூடி, சிம், பர்னர் சுத்தம், தோசைக்கல் ஒழுங்கு ஆகியவற்றால் பத்து சதவீதம் குறைந்தாலே ஆண்டுக்கு 1,38,000 ரூபாய்க்கு மேல் மிஞ்சும். புதிய கருவிகளுக்கு வேண்டிய முதல் இந்தப் பணத்திலிருந்தே வரட்டும். கருவியின் கூடுதல் விலையை ஆண்டுச் சேமிப்பால் வகுத்தால் முதல் திரும்பும் காலம் தெரியும். இரண்டு ஆண்டுக்குள் திரும்புவதைத் தயங்காமல் வாங்கலாம். ஐந்து ஆண்டைத் தாண்டுமானால், வாடகைக் கட்டடத்தில் இருப்பவர் இருமுறை யோசிக்க வேண்டும். பெரிய சமையலறைகள் பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிச் சங்கம் (பி.சி.ஆர்.ஏ.) போன்ற அமைப்புகளின் ஆற்றல் தணிக்கையைக் கேட்டுப் பெறலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன் அளவு வேண்டும். சிலிண்டர் மாற்றிய நாள், அன்று விற்ற டிபன், சாப்பாட்டின் எண்ணிக்கை, மின்மீட்டரின் எண் ஆகியவற்றைக் கல்லாவில் ஒரு நோட்டில் எழுதி வந்தால், நூறு சாப்பாட்டுக்கு எத்தனை கிலோ எரிவாயு என்பது ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். அந்த எண் குறைந்தால் அதில் ஒரு பங்கு அடுப்படியில் நிற்பவர்களுக்கும் போய்ச் சேர வேண்டும். வால்வைத் திருகுவது அவர்கள் கை. புதிய அடுப்புக்கு முன்பணம் கொடுக்கப் போகும் உணவக உரிமையாளர் அதை ஒரு மாதம் தள்ளிப்போட்டு, இன்றே அந்த நோட்டைத் தொடங்க வேண்டும்.